வெறுங்கரியை வேர் மதிக்காது

மாடித்தோட்டம் போடுற நண்பர்கள் இப்ப அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்னு இருக்கு. "பயோசார்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே, வாங்கிப் போடலாமா? அமேசான் காட்டுல இன்னும் மண்ணு கறுப்பாவே இருக்காமே?" பாக்கெட் மேல ஒரு படமும் இருக்கும். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா, எலக்ட்ரான் நுண்ணோக்கியில எடுத்த கரித்துண்டு. அந்த ஓட்டையெல்லாம் நுண்ணுயிருக்கு வீடு, தண்ணிக்குத் தொட்டின்னு கீழே எழுதியிருப்பாங்க.

படம் பொய்யில்லை. ஆனா அது சூளையில இருந்து அப்பத்தான் எடுத்த கரியோட படம். மண்ணுக்குள்ள ஒரு நாள்கூட இருக்காத கரி. வேரோட ரெண்டு வருசம் குடித்தனம் பண்ணின கரித்துண்டைத் தோண்டி எடுத்து அதே நுண்ணோக்கியில வச்சா வேற படம் வரும். என் கட்சி என்னன்னா, நாம பார்க்க வேண்டியது அந்த ரெண்டாவது படத்தை. அதுவும் ஆஸ்திரேலியாவுல எடுத்ததை இல்ல, திண்டுக்கல் மண்ணுல எடுத்ததை. அது கையில வர்ற வரைக்கும், டன் கணக்குல கரியைக் கொட்டுங்கன்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டு யாரும் தட்டையையும் காசையும் எரிக்க வேண்டாம்.

பயோசார், உயிர்க்கரி, மண்கரி, எந்தப் பேர் வச்சாலும் சரக்கு ஒன்னுதான். மரத்தையோ பயிர்க் கழிவையோ காத்து அதிகம் படாம 400, 500, 600 டிகிரி சூட்டுல வேக வச்சா கிடைக்கிற கரி. ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போடுறாங்களே, அதோட தம்பி. கட்டிக்கரியை மூட்டை கட்டி லாரி ஏத்தின பிறகு மூட்டத்துக்கு அடியில மிஞ்சுற தூளும் நொறுங்கலும் அடுப்புக்கு ஆகாது, மண்ணுக்கு ஆகும். அதனால இது வெளிநாட்டுல இருந்து வந்த வித்தைன்னு மலைக்க வேண்டியதில்லை.

இப்ப நுண்ணோக்கிக்கு வருவோம். மரத்துல தண்ணி ஏறுன குழாய்கள் கரியான பிறகும் அப்படியே நிக்கும். அதுதான் அந்தத் தேன்கூடு. புதுக்கரியில சுவரெல்லாம் சுத்தமா, மழமழன்னு இருக்கும். அங்கங்க சாம்பல் உப்பு ஒட்டியிருக்கும்: பொட்டாசியம், சுண்ணாம்பு, கொஞ்சம் மணிச்சத்து. முதல் மழையில, முதல் தண்ணியில கரையுறதெல்லாம் கரைஞ்சு வெளிய வந்துடும். கரி போட்ட முதல் போகத்துல பயிர் பச்சை கட்டுச்சுன்னா, அந்தப் பேரு பெரும்பாலும் இந்தச் சாம்பலுக்குத்தான் சேரணும். அடுப்புச் சாம்பலைத் தூவினாலும் அதேதான் நடக்கும். அதுக்காகக் கிலோ கணக்குல கரி வாங்குறது வெட்டிச் செலவு.

விசேஷம் அதுக்குப் பிறகுதான் ஆரம்பிக்குது. ஈரத்துலயும் காத்துலயும் கரியோட மேல்தோல்ல மெல்ல ஆக்சிஜன் ஏறும். அப்படி மாறுன இடத்துல களிமண் துகள், இரும்புத்துரு, அலுமினியம், மக்கு, நுண்ணுயிர் விட்ட பிசின் எல்லாம் வந்து ஒட்டும். கரிக்கு மேல ஒரு சட்டை மாதிரி. ஸ்டீபன் ஜோசப்னு ஒரு ஆஸ்திரேலிய ஆய்வாளர், பல வருசமா இந்தச் சட்டையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கார். 2010-ல் அவரும் கூட்டாளிகளும் எழுதின கட்டுரையில மண்ணுக்குள்ள கரிக்கு என்னென்ன நடக்குதுன்னு விவரமா இருக்கு. எலக்ட்ரான் நுண்ணோக்கியோட எக்ஸ்ரே கருவியையும் சேர்த்து வச்சா, எந்த இடத்துல இரும்பு, எந்த இடத்துல சுண்ணாம்பு, எந்த இடத்துல மணிச்சத்துன்னு நிறம் நிறமா வரைபடம் போட்டுக் காட்டிடும். கரிக்குள்ள நுழைஞ்ச வேர்த்தூவியும் பூஞ்சை இழையும் அதுல தெரியும். வேர்த்தூவின்னா மனுச முடியில அஞ்சுல ஒரு பங்குகூட தடிமன் இருக்காது. அதுக்கு இந்தக் குழாய் ஒவ்வொன்னும் தாராளமான தெரு.

சட்டை போட்ட கரிக்கும் போடாத கரிக்கும் வித்தியாசம் எம்புட்டுன்னு கேட்டா, ஜெர்மனியில கிளாடியா காமன் குழு 2015-ல் வெளியிட்ட கணக்கு ஒன்னு போதும். சத்தில்லாத மணல்மண்ணு, கினோவா செடி, நூத்துக்கு 2 பங்கு கரி. வெறுங்கரி போட்ட செடி, கரியே போடாத செடியோட எடையில 60 சதவீதம்தான் வந்துச்சு. எருக்குவியல்ல சேர்த்து மக்க வச்ச கரியைப் போட்ட செடி 305 சதவீதம் வரைக்கும் போச்சு. கரியில இருந்துதான் நல்லதும் வந்துச்சு, கெட்டதும் வந்துச்சு. நடுவுல இருந்த வித்தியாசம் எருக்குவியல்.

அந்த எருக்குவியல்ல கரிக்கு என்னதான் ஆச்சு? 2017-ல் நிகோலஸ் ஹாகமன் குழு 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழ்ல பதில் எழுதுச்சு. மக்கி வந்த கரிமேல நைட்ரஜன் நிறைஞ்ச, தண்ணியை இழுத்து வச்சுக்கிற மெல்லிசான கரிமப் பூச்சு ஒன்னு படிஞ்சிருந்தது. சத்தைப் பிடிச்சு வைக்கிறதுல அந்தப் பூச்சுக்குத்தான் முக்கியப் பங்குன்னு அவங்க முடிவு. சந்தையில புது மண்சட்டி வாங்கிட்டு வந்தா, அன்னைக்கே குழம்பு வைக்க மாட்டோம்ல. அரிசி கழுவுன தண்ணி ஊத்தி நாலு நாள் பழக்கித்தான் அடுப்புல ஏத்துவோம். பழக்காத சட்டி குழம்பை உறிஞ்சும். பழக்காத கரியும் மண்ணுல இருக்கிற தழைச்சத்தை இழுத்து வச்சுக்கிட்டு பயிரைப் பட்டினி போடலாம். ஒரே கதைதான்.

இது கரிப் பக்கம் நடக்கிறது. வேர்ப் பக்கம் நடக்கிறது இன்னும் சுவாரசியம். வேர்னா ஏதோ உறிஞ்சுகுழல்னு படிச்சவங்களே நினைச்சுக்கிறாங்க. அது உறிஞ்சுறதை விட அதிகமா வேலை பார்க்குது. சிட்ரிக், மாலிக் மாதிரி அமிலங்களைக் கசியவிட்டு பக்கத்துல இருக்கிற மண்ணையே மாத்துது. ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள்ள பி.எச். அளவு ஒன்னு ரெண்டு புள்ளி மாறிப் போகும். அங்கே சில தாது கரையும், சில தாது புதுசாப் படியும்.

இதைப் பார்க்க எல்லா இடத்துலயும் நுண்ணோக்கி வேணும்னு இல்ல. நிலக்கோட்டைப் பக்கம் பேரணைத் தண்ணி பாயுற வயல்ல இறங்கி ஒரு நெல்லுத் தூரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்க. வேர் வெள்ளையா இருக்காது, செம்பட்டையா இருக்கும். அது சேறு இல்ல, துரு. தண்ணி நிக்கிற வயல்ல காத்து இருக்காது. அதனால நெல்லு தண்டு வழியா ஆக்சிஜனை வேருக்கு இறக்குது. அது வேர்ல இருந்து வெளிய கசியுற இடத்துல, சேத்துல கரைஞ்சு கிடக்கிற இரும்பு துருவாப் படியுது. அந்தத் துருப் படலம் மணிச்சத்தையும் பிடிச்சு வைக்கும், ஆர்செனிக் மாதிரி விஷத்தையும் பிடிச்சு வைக்கும். கடைக்குப் போற சோத்துல என்ன சேருது, என்ன சேரலைங்கிறது இந்தப் படலத்தைப் பொறுத்தும் இருக்கு. ஜோசப்பும் இருந்த ஒரு பெரிய குழு 2020-ல், களிமண்ணும் தாதும் கலந்து செஞ்ச கரி உரத்தை நெல்லுக்குக் கொடுத்து, வேரோட சவ்வுல இருக்கிற மின்னழுத்தத்தையே அளந்து பார்த்துச்சு. உரம் பட்ட வேர்ல மின்னழுத்தம் மாறியிருந்தது, பயிரோட எடையும் கூடியிருந்தது. கவனிங்க, அதுவும் வெறுங்கரி இல்ல. களிமண்ணும் தாதும் சேர்ந்த கரி.

இதெல்லாம் நம்மூருக்கு அப்படியே பொருந்துமான்னு கேட்டா, இங்கதான் எனக்கு இடிக்குது.

வெப்ப நாடுகள்ல கரி போட்டா சராசரியா 25 சதவீதம் விளைச்சல் கூடுது, குளிர் நாடுகள்ல ஒன்னும் கூடலைன்னு 2017-ல் சைமன் ஜெஃப்ரி குழு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டுச்சு. விக்கிறவங்க எல்லாரும் இந்த 25-ஐப் பிடிச்சுக்கிட்டாங்க. ஏன் கூடுதுங்கிற அடுத்த வரியைப் படிக்கிறதில்லை. வெப்ப நாட்டு மண்ணுல நிறைய இடம் புளிப்பு மண்ணு, சத்து குறைஞ்ச மண்ணு. கரி காரம். புளிப்பை அது முறிக்குது, கூடவே கொஞ்சம் சத்தும் தருது. அதனால விளையுது.

நம்ம சமவெளி மண்ணு அப்படியா? வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கம் கிணறு வெட்டுனவங்களைக் கேளுங்க. செம்மண்ணுக்குக் கீழ பல இடத்துல சுக்கான் வரும். கரிக்காலியில சிமெண்டுக்குத் தோண்டுற அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லே இருக்கு. (ஊர்ப் பேர்லயே கரி இருக்கிறதைப் பார்த்து யாரும் குறி பார்த்துடாதீங்க.) இந்த மாதிரி நிலத்துல வேர் தண்ணியை மட்டும் எடுத்துக்கிட்டு சுண்ணாம்பை வெளியே விட்டுட்டுப் போகும். நாளாவட்டத்துல வேர் போன தடத்துலயே வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சு, வேர் செத்த பிறகும் குழாய் மாதிரி நிக்கும். வேருல தாது படியுறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? மணிச்சத்து போட்டா சுண்ணாம்போட சேர்ந்து கல்லாயிடுது. இரும்புச்சத்து எடுக்க முடியாம கடலை மஞ்சளா வெளுக்குது. ஏற்கெனவே காரமா இருக்கிற இந்த மண்ணுல, சாம்பலோட இருக்கிற காரக் கரியைக் கொட்டுனா அந்த வெளுப்பு குறையுமா, கூடுமா? புத்தகக் கணக்குப்படி கூடத்தான் வாய்ப்பு.

இதே மாவட்டத்துல பஸ் ஏறி மலைக்குப் போங்க. கொடைக்கானல்ல உருளையும் பூண்டும் போடுற மண்ணு புளிப்பு. அங்க சுண்ணாம்பு போட்டு மண்ணைச் சரிபண்ண வேண்டியிருக்கு. அந்த மண்ணுல இதே கரி நல்லா வேலை செய்ய வாய்ப்பு அதிகம். மேல ஒரு பதில், கீழ ஒரு பதில். 'தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு ஏற்றது'ன்னு பொத்தாம் பொதுவா அச்சடிச்ச பாக்கெட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

உங்க மண்ணு எந்த வகைன்னு தெரிஞ்சுக்க சின்ன வழி ஒன்னு சொல்றேன். காய்ஞ்ச மண்ணு ஒரு கரண்டி எடுத்து மேல வினிகர் ஊத்துங்க. நுரைச்சா சுண்ணாம்பு மண்ணு. நுரைக்காட்டி உடனே புளிப்புன்னு அர்த்தமில்ல, மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்க்கணும்.

அமேசான் கறுப்பு மண்ணைப் பத்தியும் ஒரு வார்த்தை. டச்சு மண் ஆய்வாளர் விம் சோம்ப்ரூக் 1966-ல் எழுதின புத்தகத்துக்குப் பிறகுதான் வெளி உலகம் அதைக் கவனிக்க ஆரம்பிச்சுது. அது வெறும் கரி மண்ணு இல்ல. உடைஞ்ச பானை ஓடு, மீன் முள்ளு, எலும்பு, சமையல் கழிவு, மனுசக் கழிவு எல்லாம் கரியோட சேர்ந்து நூத்துக்கணக்கான வருசம் கிடந்த மண்ணு. சரியாச் சொன்னா ஊர்க் குப்பைமேடு. எங்க அப்பத்தா காலத்துல அடுப்புல அணைச்ச கரி, சாம்பல், சாணி, ஆட்டுப் புழுக்கை, தொழுவத்துல கோமியம் ஊறுன கூளம், உடைஞ்ச சட்டி எல்லாம் ஒரே குப்பைக்குழிக்குத்தான் போகும். கோடையில கண்மாய் வண்டலை வண்டியில அடிச்சு, குப்பையோட காட்டுக்குப் போகும். வண்டல்னா என்ன? களிமண்ணு. சாணியும் கோமியமும்னா என்ன? தழைச்சத்தும் நுண்ணுயிரும். ஜோசப் நுண்ணோக்கியில பார்த்த சட்டைக்கு வேண்டிய நூலும் துணியும் அம்புட்டும் அந்தக் குழியில இருந்துச்சு. அவங்க அறிவியல் தெரிஞ்சு செஞ்சாங்கன்னு நான் பெருமை பேச வரலை. கேஸ் அடுப்பு வந்ததும் கரி நின்னு போச்சு, டிராக்டர் வந்ததும் மாடு குறைஞ்சு போச்சு. குழி காலியாயிடுச்சு. காலியான குழியோட சரக்கைப் பிரிச்சு, கரியை மட்டும் பாக்கெட்ல போட்டு விக்கிறாங்கங்கிறதுதான் என் வருத்தம்.

இதுல இப்ப கார்பன் வியாபாரமும் சேர்ந்துக்கிச்சு. செடி காத்துல இருந்து இழுத்த கரிமத்தைக் கரியாக்கி மண்ணுல புதைச்சா, அது ரொம்ப காலம் காத்துக்குத் திரும்பாது. அதுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் காசு தருது. தப்பில்லை. ஆனா அவங்களுக்கு வேண்டிய கரி வேற, நமக்கு வேண்டிய கரி வேற. அதிக சூட்டுல வெந்த கரி மண்ணுல அழியாம நிக்கும், அதுதான் கார்பன் கணக்குக்கு ஒசத்தி. குறைஞ்ச சூட்டுல வெந்த கரியில சத்து ஓரளவு மிஞ்சும், சட்டை ஒட்டுறதுக்கும் மேல்தோல் தோதா இருக்கும். காசு கொடுக்கிறவன் டன்னை எண்ணுவான். வேர் என்ன சொல்லுதுன்னு அவன் ஏன் பார்க்கப் போறான்?

இன்னொன்னு, கரிக்கு மூலப்பொருள் எங்க இருந்து வரும்? சோளத்தட்டையும் மக்காச்சோளத் தட்டையும் 'வேளாண் கழிவு'ன்னு எழுதுறாங்க. இங்க அது கழிவு இல்ல, மாட்டுக்குச் சாப்பாடு. மழை பொய்ச்ச வருசத்துல தட்டைக்கு என்ன விலைன்னு மாடு வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும். அதை எரிச்சுக் கரியாக்கினா, கரியைப் பழக்குற சாணியும் இல்லாமப் போயிடும். சீமைக்கருவேலத்தை வெட்டுங்க, யாரும் அழ மாட்டோம். 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டப்ப வெட்டிக் குவிச்ச மாதிரி இப்பவும் வெட்டலாம், அது பாட்டுக்கு வளரும். தேங்காய் ஓடு, மட்டை, மக்காச்சோளச் சக்கை, ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கையைக் கவாத்து பண்ணிப் போடுற குச்சி, இதெல்லாம் சரி. முருங்கை பருத்தாலும் தூணாகாது, விறகுக்கும் லாயக்கில்லை. கரிக்கு ஆகும்.

கரி உண்மையிலேயே உதவக்கூடிய ஒரு இடம் நம்ம ஊர்ல இருக்கு, அதைப் பத்தி எந்த பாக்கெட்டும் பேசாது. திண்டுக்கல்லைச் சுத்தி தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கின நிலமும் கிணறும் உண்டு. தோல் பதனிடுற குரோமியத்துல ஆறு இணைதிறன் உள்ள வகைதான் ரொம்ப விஷம், தண்ணியோட ஓடும். கரி அதை மூணு இணைதிறன் வகையா மாத்தி, தன்மேல பிடிச்சு வைக்கும்னு ஆய்வுகள் சொல்லுது. ஆனா குரோமியம் மண்ணை விட்டுப் போகாது, ரூபம் மாறி அங்கேயேதான் கிடக்கும். அது எவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருக்கு, பத்து வருசம் கழிச்சு மறுபடி அவுந்து வருமா, வேர் ஓரத்துல கசியுற அமிலம் அதை இளக்கி விடுமா, இதையெல்லாம் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. அங்கதான் நுண்ணோக்கியும் எக்ஸ்ரேயும் கட்டாயம் வேணும்.

கருவி இல்லாத ஊரா நாம? கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல நானோ அறிவியலுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. இந்தூர்ல சின்க்ரோட்ரான் இருக்கு. காந்திகிராமத்துல பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கு. ஆராய்ச்சி நடக்காம இல்ல. ஆனா நான் பார்த்த வரைக்கும் நிறைய ஆய்வு, கரியைச் செஞ்சு, அதோட குணத்தை அளந்து, ஒரு போகம் தொட்டியிலயோ வயல்லயோ போட்டுப் பார்த்ததோட நிக்குது. எனக்கு வேண்டியது அதுக்கடுத்த வேலை. வேடசந்தூர் சுக்கான் மண்ணு, நிலக்கோட்டை நெல் வயல், நத்தம் மாந்தோப்புச் செம்மண்ணு, கொடைக்கானல் புளிப்பு மண்ணு, நாலு இடத்துலயும் வெறுங்கரி ஒரு பாத்தி, சாணி வண்டலோட பழக்கின கரி ஒரு பாத்தி. மூணு வருசம் கழிச்சு வேரோட கரியைத் தோண்டி எடுத்து, மேல என்ன படிஞ்சிருக்குன்னு படம் போட்டுக் காட்டட்டும். நல்லாப் படிஞ்சிருந்தா நானே எருக்குழிக்குப் பக்கத்துல கரிக்குழி வெட்டுறேன். கார்பன் கம்பெனி கொடுக்கிற காசுல ஒரு பங்கை இந்தச் சோதனைக்கு வைக்கணும்னு அரசாங்கம் நிபந்தனை போட்டாக்கூட நியாயந்தான்.

மாடித்தோட்டக்காரங்க கேள்விக்கு நேரடியா: வாங்கித்தான் ஆகணும்னா வாங்குங்க, ஆனா பிரிச்சதும் தொட்டியில கொட்டாதீங்க. மிளகு, பயறு அளவுக்கு நொறுக்கி, மக்குற தொட்டியில எருவோட சேர்த்து, கொஞ்சம் களிமண்ணும் கலந்து, ஈரம் காயாம ரெண்டு மூணு மாசம் விடுங்க. கரி பத்துல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். காய்ஞ்ச தூளைக் கையாளும்போது மூக்கை மூடிக்கங்க, நெஞ்சுக்கு ஆகாது. போர் தண்ணி உப்பா இருக்கிற வீடுகள்ல இன்னும் குறைச்சலாப் போடுங்க.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில வேலை பார்க்கிறவங்க இதைப் படிச்சா ஒரு தகவல் கொடுங்க. என்கிட்ட ரெண்டு கைப்பிடி முருங்கைக் குச்சிக் கரி இருக்கு. ஒன்னு சூளையில இருந்து எடுத்து அப்படியே டப்பாவுல போட்டது. இன்னொன்னு எருக்குழியில ஒரு வருசம் கிடந்து, பிறகு சுக்கான் மண்ணுல கத்தரிக்கு அடியில ரெண்டு போகம் இருந்தது. பத்து மடங்கு லென்ஸ்ல பார்த்தா ரெண்டாவதுல வேர்த்தூவி சுத்திக்கிட்டு நிக்கிறது தெரியுது. அதுக்கு அடியில வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. அது சுண்ணாம்பா, வேற ஏதாவதான்னு யாராவது பார்த்துச் சொன்னா, படத்தோட இங்கயே போடுறேன்.